ஜீப்புக்குச் சுருதி சேர்த்த கித்தார்

போன வாரம் ஒரு தம்பி, துணிப்பையில் ஒரு கித்தாரைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். விலை கம்மியாக வாங்கிவிட்டாராம். "பிக்கப்ப மாத்தி, கீ மாத்தி, நல்ல கம்பியா போட்டா இது பெரிய கித்தார் மாதிரி பேசுமாண்ணே?" என்று கேட்டார். மெல்லிசைக் குழுவில் கித்தார் வாசிக்க வருகிற எல்லாப் பிள்ளைகளும் ஏதாவது ஒரு நாள் கேட்கிற கேள்விதான். பேசும் என்றாலும் பேசாது என்றாலும் நீங்கள் என் பேச்சைக் கேட்கப்போவதில்லை. நேராகக் கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்துதான் மறுவேலை பார்ப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஆகவே அறிவுரை வேண்டாம், புதூர்நாட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்தில் வாசித்த கதையைச் சொல்கிறேன். பதிலை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

அது எழுபதுகளின் கடைசி. கண்ணமங்கலத்தில் ஒரு புளி மண்டிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் எங்கள் குழு ஒத்திகை பார்க்கும். எங்கள் மாஸ்டர்தான் குழுவுக்குத் தலைவர், பாடகர், ஆர்மோனியக்காரர், அறிவிப்பாளர் எல்லாம். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். தங்கமான மனிதர். ஆனால் அவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

என் கித்தார் வேலூரில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஒட்டுப்பலகை உடம்பு, மேலே சிவப்புப் பெயின்ட். ஒரு பாட்டு முடிவதற்குள் கம்பிகள் ஆளுக்கொரு பக்கம் சுருதி இறங்கிவிடும். சத்தத்தைப் பற்றி மாஸ்டர் சொன்னது, "சளி புடிச்ச ஆட்டுக்குட்டியாட்டம் கீதுடா" என்பதுதான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முதலில் கம்பிகளை மாற்றினேன். பிறகு கம்பியை முறுக்கும் கீக்களை மாற்றினேன். சுருதி நின்றது. சளி மட்டும் நிற்கவில்லை.

சளி இருந்த இடம் பிக்கப். கம்பி அதிர்வதை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற காந்தச் சுருள் அது. புதுசு வாங்க மெட்ராஸுக்குத்தான் போக வேண்டும். அதற்கு வழியில்லாததால், பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்குக் கொண்டுபோனேன். சுருள்தானே, எந்தச் சுருளாக இருந்தால் என்ன என்பது என் எண்ணம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் அந்தக் கடைக்குத்தான் போகும்.

கடைக்காரர் கித்தாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா எச்.பி.ங்க இது?"

"எச்.பி. எல்லாம் இல்லைங்க. கித்தாரு. பாட்டு வாசிக்கிறது."

"அதான் கேக்கறேன், எவ்ளோ லோடு இழுக்கணும்?"

"லோடு கிடையாதுங்க. சத்தம் நல்லா வரணும், அவ்ளோதான்."

"சத்தம் வந்தா மோட்டாரு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்" என்றார் அவர், என்னைப் பாவமாகப் பார்த்து.

மனிதர் வஞ்சனை இல்லாமல் வேலை செய்தார். இடம் இருந்தவரைக்கும் சுற்றினார், எதற்கும் இருக்கட்டும் என்று அதற்கு மேலும் சுற்றினார். வார்னிஷில் முக்கி, மோட்டார்களோடு சேர்த்துச் சூட்டில் காயவைத்தார். சுருள் பெருத்துவிட்டதால் அதன்மேல் இருந்த தகர மூடி பொருந்தவில்லை. "இத்த தூக்கிப் போட்ருங்க. சும்மா வெயிட்டு" என்றார். போட்டேன். "இனிமே கெணத்துல உழுந்தாகூட எரியாது. தெகிரியமா ஓட்டுங்க" என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

சத்தம் வந்தது ஐயா! ஆட்டுக்குட்டி போய் எருமை வந்தது. ஆனால் அந்தத் தகர மூடி எதற்காக இருந்தது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. வெளியிலிருந்து வருகிற இரைச்சலைத் தடுக்கத்தான் அதை வைத்திருந்தார்கள். மூடி போனதும் என் கித்தார் ஊரில் உள்ள அத்தனையையும் ஒலிபரப்ப ஆரம்பித்தது. ட்யூப்லைட் போட்டால் உறுமும். கொட்டகைக்கு வெளியே யாராவது மொபெட்டைக் கிளப்பினால் ஸ்பீக்கரில் டர்ரென்று வரும். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "டேய், ஒன் கித்தாருக்குக் காது நல்லா கேக்குதுடா. வாயிதான் சரியில்ல" என்றார்.

இந்தக் கித்தாருக்கு உலகத்தில் ஒரே ஒரு ரசிகர் இருந்தார். மண்டிக்காரரின் ஜீப்பை ஓட்டிய கோவிந்தன். புதூர்நாட்டுப் பக்கத்து மலைக்கிராமம் அவருக்கு. மலையிலிருந்து புளி மூட்டை ஏற்றி வந்து, இறக்குகிறவரை எங்கள் கொட்டகையில் வந்து உட்கார்ந்துகொள்வார். "இன்னாண்ணா இது, கம்பியத் தொட்டாக்கா கத்துது!" என்று ஒவ்வொரு தடவையும் புதிதாக ஆச்சரியப்படுவார். சொல்லக் கூசுகிறது, ஆனால் அந்த ஆச்சரியத்துக்காகவே நான் அவர் வருகிற நாளில் கொஞ்சம் கூடுதலாக வாசிப்பேன்.

ஒருநாள் அவர் முகம் செத்துப்போய் வந்தார். அவருக்கும் பச்சையம்மா என்ற பெண்ணுக்கும் கல்யாணம் பேசியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர். ஆனால் பெண்ணின் தாய்மாமன் அவளைத் தன் மகனுக்குக் கட்ட ஆசைப்பட்டவர். நிச்சயத்தன்று பெரியவர்கள் எதிரில் அவர் கோவிந்தனைச் சீண்டியிருக்கிறார். "ஓட்றது ஊரான் ஜீப்பு. ஒங் கல்யாணத்துக்கு நீ இன்னாத்தக் கொண்டாருவ?" என்று. இவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "கரண்டு கித்தாரு கொண்டாருவேன்! அது வாசிக்காம நான் தாலி கட்டமாட்டேன்!" என்று சொல்லிவிட்டார்.

"சொன்னா சொல்லிட்டுப் போங்க, அதுக்கு என்ன?" என்றேன்.

"அய்யோ அண்ணா, எங்கூர்ல அப்டி வுடமாட்டாங்க."

அவர் கிராமத்தில் ஒரு வழக்கம். நிச்சயத்தில் சொன்ன சொல் எல்லாவற்றையும் கல்யாணத்தன்று காலை ஊர்க்கவுண்டர் ஒவ்வொன்றாக உரக்கக் கேட்பார். மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் அன்றைக்குத் தாலி கிடையாது. அப்படி நின்றுபோனால் தாய்மாமன் தன் மகனுக்கு வேட்டி கட்டிக் கூட்டிவரத் தயாராக இருக்கிறார்.

மாஸ்டர் கேட்டார். "அந்த ஊர்ல கரண்டு இருக்குதா?"

"இல்லீங்க."

"கரண்டே இல்லாத ஊர்ல கரண்டு கித்தாரா? விளையாடறியாப்பா?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "மைக்கு வேணும் இல்ல?" என்றார்.

"நீங்கதான் கொண்டாரணும்ங்க."

"அப்ப வர்றோம்" என்றார் மாஸ்டர்.

அந்தக் கால மைக் செட் ஆம்ப்ளிஃபயர்கள் கார் பேட்டரியிலேயே ஓடும். ஆகவே ஆம்ப்ளிஃபயர், பேட்டரி, குழாய் ஸ்பீக்கர், ஆர்மோனியம், தபேலா, கித்தார், நாங்கள் என எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு சந்தவாசல் வழியாக ஜீப் மலையேறியது. ஜீப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. சாவி போட்டு அது கிளம்பி யாரும் பார்த்ததில்லை. தள்ளினால்தான் கிளம்பும். கிளம்பினாலும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் உடனே நின்றுவிடும். வேறு யார் கால் வைத்தாலும் முக்கி முனகி நின்றுவிடும். கோவிந்தன் காலுக்கு மட்டும்தான் அது கட்டுப்பட்டது.

சாயங்காலம் ஊர் போய்ச் சேர்ந்து, பலா மரத்தில் ஸ்பீக்கரைக் கட்டினோம். மாஸ்டர் கைக்கு மைக் போனது. முதலில் ஹலோ சொன்னார். பிறகு பாடினார். பிறகு வந்திருந்தவர்களை எல்லாம் பெயர் சொல்லி வரவேற்றார். யாரோ ஆடு காணோம் என்றார்கள், அதை அறிவித்தார். ஆடு கிடைத்தது. கிடைத்ததையும் அறிவித்தார். "மாஸ்டர், பேட்டரி" என்று நான் சைகை காட்டினேன். அவர் அதை ரசிகனின் கையசைப்பு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு பாட்டை ஆரம்பித்தார்.

காலையில் பந்தலில் சொன்ன சொல் கேட்கிற சடங்கு தொடங்கியது. ஊர்க்கவுண்டர் நிதானமான மனிதர். "சாமை கொண்டாந்தியா?" என்றார். மூட்டையைக் காட்டினார்கள். "ஆடு?" காட்டினார்கள், நேற்று காணாமல் போன அதே ஆடு. "பொடவை?" காட்டினார்கள். "கரண்டு கித்தாரு?"

ஊரே என்னைப் பார்த்தது. நான் ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். விளக்கு பீடி நெருப்பாக ஒரு கணம் எரிந்து அணைந்தது. கம்பியைத் தட்டினேன். ஆம்ப்ளிஃபயர் இல்லாத எலக்ட்ரிக் கித்தார் எப்படிக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவருக்கே கேட்கவில்லை.

தாய்மாமன் எழுந்து வந்து கித்தாரில் காதை வைத்தார். "இதானா? எங்கூட்டு மொறத்துல சாமை பொடைச்சா இத்தவிட சத்தம் வரும். இன்னாங்க கவுண்டரே, சொன்ன சொல்லு இன்னாச்சு?" என்றார். சந்தோஷத்தை அவரால் மறைக்கவே முடியவில்லை.

கோவிந்தன் மாலையும் கழுத்துமாக என்னைப் பார்த்தார். எதிரே பச்சையம்மா தலையைக் குனிந்துகொள்ளவில்லை. நேராக என் கித்தாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் முதல் தடவையாக மைக்கைத் தானே கீழே வைத்தார்.

"ஜீப்புல பேட்டரி இருக்குதே" என்றேன்.

"அது செத்துப் பல நாளாச்சுண்ணா. வண்டி ஓடினா டைனமோ குடுக்கற கரண்டுதான்" என்றார் கோவிந்தன்.

"அப்ப ஓட்டுங்க!"

வயர் எட்டவில்லை. ஜீப்பைப் பந்தலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாக வேண்டும். மாப்பிள்ளை மாலையோடு ஸ்டியரிங்கில் ஏறினார். மாப்பிள்ளை வீட்டார் தள்ளினார்கள். மேடு. போதவில்லை. பெண் வீட்டாரும் வந்து தள்ளினார்கள். ஜீப் கிளம்பி, பந்தக்கால் பக்கத்தில் வந்து உறுமிக்கொண்டு நின்றது. வயரை மாட்டினேன். ஆம்ப்ளிஃபயர் விளக்கு பிரகாசமாக எரிந்தது. அப்பாடா என்று கித்தாரின் வால்யூமைத் திருப்பினேன்.

ஙீஈஈஈ என்று பலா மரத்திலிருந்து ஒரு ஊளை கிளம்பியது. குருவி எல்லாம் பறந்துவிட்டது. டைனமோவின் இரைச்சல் முழுசும் மோட்டார் கடைக்காரர் வஞ்சனை இல்லாமல் சுற்றிய சுருளுக்குள் புகுந்து, ஸ்பீக்கர் வழியாக மலைக்குப் போய்க்கொண்டிருந்தது. கித்தாரை அப்படித் திருப்பினேன், இப்படித் திருப்பினேன். மேல்துண்டைச் சுற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. கம்பி, கீ, சுருள், வார்னிஷ் என்று நான் செய்த செலவெல்லாம் எனக்கு எதிராகவே நின்றது. என்னைக் கிணற்றில் தள்ளியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன்.

தம்பிகளா, அந்த மாதிரி நேரத்தில் எதையாவது சரிசெய்யப் பார்க்காதீர்கள். முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். நானும் வேறு வழி இல்லாமல்தான் கேட்டேன். கோவிந்தனின் கால் லேசாக அழுத்தினால் ஊளை மேலே போகிறது. லேசாக விட்டால் கீழே வருகிறது. ஒரே மாதிரி வைத்தால் ஒரே ஸ்வரத்தில் நிற்கிறது. அட, இது சுருதிப்பெட்டி அல்லவா!

"கோவிந்தா, அங்கயே நிறுத்து! கால ஆட்டாத!" என்று கத்தினேன்.

ஜீப்பைக் கித்தாருக்குச் சுருதி சேர்க்க முடியாது. ஆகவே கித்தாரை ஜீப்புக்குச் சேர்த்தேன். புதுக் கீக்கள் அன்றைக்குத்தான் வாங்கின காசுக்கு வேலை செய்தன. தட்டினேன். ஜீப்பின் ஊளை அடியில் நிற்க, அதன்மேல் கித்தார் ஏறி உட்கார்ந்துகொண்டது. பந்தலில் இருந்தவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். கொட்டகையில் ஒரு நாளும் வராத நாதம் அது. நான் கர்வத்தில் கண்ணை மூடிவிட்டேன்.

"கரண்டு கித்தாரு, சரி" என்றார் ஊர்க்கவுண்டர். எல்லாரும் கைதட்டினார்கள். கோவிந்தன் மகிழ்ச்சியில் குதித்து இறங்கினார். ஜீப் நின்றது. கித்தாரும் நின்றது.

தாய்மாமன் விடுவாரா? "கித்தாரு வாசிக்கத் தாலி கட்றேன்னுதான சொன்ன? வண்டி ஓடலன்னா கித்தாரு வாசிக்காது. நீ ஓட்டலன்னா வண்டி ஓடாது. அப்ப தாலிய யாரு கட்றது, நானா?" என்றார்.

நியாயமான கேள்வி. மறுபடி ஜீப்பைத் தள்ளிக் கிளப்பினோம். ஓடுகிற வண்டியில் மாஸ்டர் மெதுவாகத் தன் காலை வைத்துப் பார்த்தார். ஜீப் இருமி நின்றது. மறுபடி தள்ளினோம். தபேலாக்காரர் கால் வைத்தார். நின்றது. மறுபடி தள்ளினோம். கடைசியில் ஆக்சிலேட்டர் மேல் கல்லை வைத்தோம். ஜீப் மாடு மிரண்டதுபோல அலறியதில் சமையல்காரர்கள் ஓடிவிட்டார்கள். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். வண்டியில் உட்கார்ந்து தாலி கட்டலாமா? வண்டி பந்தலுக்கு வெளியே இருக்கிறதே, அது செல்லுமா? பேச்சு நீண்டுகொண்டே போனது. ஜீப்பின் பெட்ரோலும் குறைந்துகொண்டே போனது.

பச்சையம்மா எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராகப் போய் ஜீப்பில் கோவிந்தனுக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நான் குந்திட்டேன். பந்தல நீங்க எத்தினு வாங்க" என்றாள்.

ஊர்க்கவுண்டர் ஒரு கணம் யோசித்தார். "பொண்ணு சொல்றது சரி. பந்தலு நகரும்" என்றார். அவ்வளவுதான். பந்தக்கால்களைப் பிடுங்கி, ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு, தென்னங்கீற்றும் மாவிலைத் தோரணமுமாகப் பந்தலைத் தூக்கிவந்து ஜீப்புக்கு மேலே பிடித்தார்கள். தாய்மாமன் பெண்ணுக்குப் பின்னால் இருந்தாக வேண்டும் என்பது முறை. வேறு வழி இல்லாமல் அவர் பின்சீட்டில் புளி மூட்டைச் சாக்கின்மேல் ஏறி உட்கார்ந்தார். அவருடைய முகத்தை வருணிக்க எனக்குத் தெரியவில்லை.

நான் பானெட் பக்கத்தில் நின்று வாசித்தேன். கோவிந்தன் இரண்டு கையிலும் தாலியை எடுத்தார். வலது கால் ஆக்சிலேட்டரில். கண் பெண்ணின் மேல். வியர்வை கொட்டுகிறது. கால் நடுங்க, சுருதியும் நடுங்கியது.

"கையி எப்டி ஆடினாலும் பரவால்ல. கால ஆட்டாத" என்றாள் பச்சையம்மா மெதுவாக. மைக் பக்கத்தில் இருந்ததால் ஊருக்கே கேட்டது.

முதல் முடிச்சு விழுந்தது. சுருதி ஆடாமல் நின்றது. அடுத்த முடிச்சு விழுந்தது. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அவர் பச்சையம்மாவைப் பார்த்தார். அவள் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், அந்த மனிதர் தன்னை மறந்து காலைத் தரைவரைக்கும் அழுத்திவிட்டார்.

ஜீப் கர்ஜித்தது. ஊளை மேலே, மேலே, இன்னும் மேலே ஏறியது. அதை விட்டால் கெட்டேன் என்று நானும் கம்பியை அழுத்தியபடியே விரலை இழுத்துக்கொண்டு அதன் கூடவே ஓடினேன். கித்தாரில் அதற்கு மேல் இடம் இல்லை என்கிற கடைசிக் கட்டைவரைக்கும் போனோம், ஜீப்பும் நானும். அங்கே இரண்டும் ஒன்றாகக் கலந்து ஒரே நாதமாக நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பந்தலைத் தூக்கிப் பிடித்தவர்கள் கையை விட்டுவிட, பந்தல் ஜீப்பின்மேல் விழுந்தது. தென்னங்கீற்றுக்குள்ளிருந்து தாய்மாமனின் குரல் வந்தது.

"கரண்டுதான்யா இது! கரண்டேதான்!"

வாழ்நாளில் எத்தனையோ மேடைகளில் வாசித்துவிட்டேன். அந்த நாதம் திரும்ப வரவே இல்லை. பிறகு பணம் சேர்த்து, மெட்ராஸில் ஒரு நல்ல வெளிநாட்டுக் கித்தார் வாங்கினேன். உள்ளே எல்லாத் தடுப்பும் பக்காவாகப் போட்டது. ஒரு பொட்டு இரைச்சல் கிடையாது. அதைப் பார்த்துவிட்டு மாஸ்டரே, "இப்பதான்டா நீ கித்தார்காரன்" என்றார்.

அந்தக் கித்தாரோடு கோவிந்தன் வீட்டுக் காதுகுத்துக்குப் போனேன். இந்தத் தடவை புது பேட்டரி, மாஸ்டர் கைக்கு மைக் போகாமல் கட்டுக்காவல். சுத்தமாக வாசித்தேன். மரியாதையாகக் கேட்டார்கள். பாட்டு முடிந்ததும் ஊர்க்கவுண்டர் இன்னும் எதற்கோ காத்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார். கோவிந்தன் எழுந்துபோய் ஜீப்பில் ஏறினார். உறவுக்காரர்கள் பழக்கதோஷத்தில் தள்ளினார்கள். எனக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி மிதித்தார். நான் வாசித்தேன். ஜீப் தனியாகக் கத்தியது, கித்தார் தனியாகப் பாடியது. ஒன்றோடு ஒன்று சேரவே இல்லை. இன்னும் கொஞ்சம் மிதித்துப் பார்த்துவிட்டு அவர் காலை எடுத்துவிட்டார்.

பச்சையம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வருத்தப்படாதீங்கண்ணா. வெல கம்மியா வாங்கிட்டீங்க போல. உள்ள சுருள கிருள மாத்திப் பாருங்க. பழையபடி வந்தாலும் வரும்."